சக்கரத்தில் ஊதா வழியும் நேரம்

அலாய் வீலின் ஸ்போக் இடுக்குகளில் ஊசிமுனை அளவுக்குச் செம்பழுப்புப் புள்ளிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஷாம்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. "வீல் துருப்பிடிச்சுப் போச்சே" என்று பலரும் மனம் விட்டுப்போகிறார்கள். உங்கள் வீல் துருப்பிடிக்கவில்லை! அலாய் என்பது அலுமினியக் கலவை. அது கெட்டால் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும்; செந்துரு அதற்கு வரவே வராது. நீங்கள் பார்ப்பது பிரேக் டிஸ்க்கின் இரும்பு.

டிஸ்க் வார்ப்பிரும்பு. பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பேட் அதைக் கவ்வி உரசுகிறது. பேட் தூளும் இரும்புத் தூளும் சூட்டோடு தெறித்து வீலின் கிளியர் கோட்டில் அப்பிக்கொள்கின்றன. மேலே ஈரம் பட்டதும் இரும்புத் துகள் துருவேறிப் பருத்து, கோட்டிங்கைக் கிளப்புகிறது. அப்படியே விட்டால் அந்த வழியாக ஈரம் இறங்கி அலுமினியத்தையும் அரிக்கும். இந்தக் கதை புரிந்த பிறகுதான் எனக்குச் சக்கரப் பித்து பிடித்தது. வண்டி கழுவுவதில் மற்ற வேலையெல்லாம் வேலை, சக்கரம் மட்டும் கொண்டாட்டம்!

நான் குடியிருப்பது செம்பரம்பாக்கத்தில். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், எம்-சாண்ட் டிப்பர் என்று வரிசைகட்டி நிற்கும். ஷிப்ட் முடியும் நேரத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே முடியாது. மிதிக்க மிதிக்கத் தூசி. வடகிழக்குப் பருவமழை வந்தால் தூசியோடு ஈரமும் சேர்ந்துகொள்கிறது. பிரேக் தூசியை விரட்டும் மருந்தைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான சாலை வேண்டுமா?

அந்த மருந்துதான் அயர்ன் ரிமூவர். சில நூறு ரூபாய் பாட்டில். முதலில் வீலைச் சாதாரண ஷாம்புவால் கழுவி மேல்மண்ணை எடுத்துவிட வேண்டும். பிறகு தெளித்துவிட்டு மூன்று நான்கு நிமிஷம் பொறுங்கள். நிறமில்லாத திரவம் மெல்லச் சிவந்து, பிறகு நாவல்பழச் சாறாக ஸ்போக்கிலிருந்து வழியத் தொடங்கும். சுத்தமென்று நீங்கள் சத்தியம் செய்த வீலிலிருந்து! முதன்முறை நெடுஞ்சாலையோர வாட்டர் சர்வீஸில் இதைச் செய்தபோது பிரஷர் பம்பை நிறுத்திவிட்டு ஓடிவந்தான் பையன்.

"என்ன சார், சாயம் போகுது?"

"சாயம் இல்ல தம்பி, இரும்பு. நீயே கழுவி விடு, கீழ வீல் எப்படி இருக்குன்னு பாரு."

கழுவினான். புள்ளி ஒன்றுகூட இல்லை. அடுத்து வந்த வண்டிக்காரரிடம் எனக்கு முன்னால் அவனே ஊதா நிறத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்துவிட்டான்.

இதில் வேலை செய்வது தையோகிளைக்கோலேட் என்ற உப்பு. அழகு நிலையத்தில் முடியைச் சுருட்டவும், முடி நீக்கும் கிரீமிலும் இதே குடும்பத்துப் பொருள்தான்; அந்த நாற்றமும் அதனால்தான். அது இரும்பைப் பிடித்துக் கரைத்துத் தன்னோடு இழுத்துக்கொள்ளும்போது ஊதா பிறக்கிறது. பெரும்பாலானவை அமிலமும் இல்லாமல் காரமும் இல்லாமல் நடுநிலையானவை, கிளியர் கோட்டைத் தொடாது. வீல் சூடாக இருக்கக் கூடாது, வெயிலில் காயவிடக் கூடாது, கையுறை வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. காலை நிழலே உத்தமம்.

இன்னொரு அழகு: முன்சக்கரத்தில் ஆறாக ஓடும் ஊதா, பின்சக்கரத்தில் ஒப்புக்குத்தான் கசியும். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, முன் பிரேக்குகளே பெரும்பாரத்தைச் சுமக்கின்றன. பின்னால் டிரம் பிரேக் என்றால் தூள் டிரம்முக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பாடப்புத்தக இயற்பியல் உங்கள் வாசலில் நிறமாக ஓடுகிறது! 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் கார்கள் பிட்டுக்குத் திரும்பும்போது நான் பார்ப்பது முன்சக்கரங்களைத்தான்.

ஸ்டீல் டிஸ்க் வீல்காரர்கள் வேறு ஜாதகம். அதில் துரு வெளியிலிருந்தும் வரும், உள்ளிருந்தும் வரும். ஆனால் அதை எவ்வளவு பொத்திப்பொத்திச் செய்கிறார்கள் தெரியுமா? 1960இல் தொடங்கிய வீல்ஸ் இந்தியா, பாடியிலும் எங்கள் ஸ்ரீபெரும்புதூரிலும் சக்கரம் செய்கிறது. பொதுவாக ஸ்டீல் வீலை ஜிங்க் பாஸ்பேட்டில் குளிப்பாட்டி, பெயின்ட் தொட்டியில் முழுக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். மின்சாரம் போகும் இடுக்கெல்லாம் பெயின்ட்டும் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அடுப்பில் சுடுவார்கள். அந்தத் தோல் ஒரு தலைமுடித் தடிமன்கூட இருக்காது. டிப்பரிலிருந்து தெறிக்கும் ஒரு ஜல்லி போதும் அதை உடைக்க. உடைந்த இடத்தை அன்றே உப்புத்தாளால் தேய்த்து, ஜிங்க் பிரைமர் தொட்டு, மேலே பெயின்ட் வையுங்கள். வீல் கப் மாட்டியிருப்பவர்கள் அவ்வப்போது கழற்றிப் பாருங்கள், அதன் பின்னால்தான் சேறும் ஈரமும் குடியிருக்கும்.

சுத்தம் பாதி வேலை. மீதி, மறுபடி ஒட்டாமல் பார்ப்பது. மெழுகுப் பாலிஷ் பானெட்டுக்கு அழகு. கார்நௌபா மெழுகே 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகிவிடும், பிரேக் சூட்டின் பக்கத்தில் அது எத்தனை நாள் நிற்கும்? சக்கரத்துக்கென்றே வரும் செராமிக் கோட்டிங்தான் என் காதல். வீலைக் கழற்றி, உள்பக்கக் குழியையும் சேர்த்துத் துடைத்து, மெல்லிசாகப் பூசி, டப்பாவில் சொன்ன நேரம் தண்ணீர் படாமல் காயவிட வேண்டும். அப்புறம் தூசி உட்காரும், ஆனால் வேர் பிடிக்காது. வெறும் தண்ணீரிலேயே வழிந்து போகும். பூசும்போது பிரேக் டிஸ்க்கில் ஒரு துளிகூடப் படக் கூடாது. அது உயிர் விஷயம்.

வீல் கழற்றிய கையோடு, அது உட்காரும் ஹப் முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் அங்கே துரு பிடித்தால், நடுரோட்டில் பஞ்சரான நேரம் பார்த்து வீல் வர மறுக்கும். போல்ட் மரையில் மட்டும் கிரீஸ் வேண்டாம், முறுக்கு அளவு மீறிவிடும்.

சில இடங்களில் அலாயை வெளுக்க ஆசிட் அடிக்கிறார்கள். மனசு பதறுகிறது. பளிச்சென்று தெரியும், சில மாதத்தில் மங்கிப்போகும். அதிலும் ஹைட்ரோபுளோரிக் கலந்ததென்றால் தோல் வழியே இறங்கி எலும்புவரை போகும் விஷம். கழுவும் பையனின் கையை நினைத்தாவது "வேண்டாம்பா" என்று சொல்லுங்கள்.

ஐரோப்பா இப்போது புகையோடு பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்திருக்கிறது. யூரோ 7 விதிப்படி, பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், மின்சாரக் கார்களுக்கு 3. புதிய மாடல்களுக்கு 2026 நவம்பரிலிருந்து. நான் வீலில் பார்த்துக் கூத்தாடும் தூள் ஒரு பங்குதான், மீதி காற்றிலும் மண்ணிலும் போகிறது. அதனால் எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வண்டி கழுவாதீர்கள். நிரம்பினால் 24 அடி, 3,645 மில்லியன் கன அடி. சென்னை குடிக்கிற தண்ணீர் அது. வடிகால் தொட்டி உள்ள சர்வீஸ் கடையில் செய்யுங்கள்.

நாலு வீலும் முடிந்ததும் வண்டியை மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தடவை பிரேக் மிதியுங்கள், டிஸ்க் காய்ந்துவிடும். அப்படியே டிக்கியைத் திறந்து கார்பெட்டைத் தூக்குங்கள். ஸ்டெப்னி பெரும்பாலும் ஸ்டீல், வெளிச்சமே படாமல் ஈரத்தில் கிடக்கிறது. அதற்கும் ஒரு கோட் போடுங்கள், பாட்டிலில் எப்படியும் மிச்சம் இருக்கும்!