பக்கவாட்டில் ஒரு பறவை, நேரில் இன்னொன்று

பிலிப்பைன் கழுகை அழகாக்குவது எது என்று என்னைக் கேட்டால் அலகு என்பேன். அதன் உருவத்தைச் சொல்லித்தான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அதுவும் உண்மைதான்: ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், விரித்தால் இரண்டு மீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும் இறக்கை. ஆனால் பெரிய கழுகுகள் உலகில் வேறும் உண்டு. இப்படி ஒரு அலகு வேறு எதற்கும் கிடையாது.

பக்கவாட்டில் பார்க்கும்போது அந்த அலகு மேலிருந்து கீழாக அத்தனை அகலம். முகத்தில் பாதியை அதுவே எடுத்துக்கொள்ளும். பறவை திரும்பி நம்மை நேராகப் பார்த்ததும் அந்த அகலம் காணாமல் போய்விடுகிறது. கோடாலியைக் கூர்முனைப் பக்கமாகத் திருப்பிப் பிடித்த மாதிரி, நெற்றிக்குக் கீழே ஒடுங்கிய கருஞ்சாம்பல் கோடு மட்டும் நிற்கும். அலகு ஒதுங்கி வழிவிட்டதுபோல் இரண்டு கண்களும் முழுதாக முன்னுக்கு வரும். நீலமும் சாம்பலும் கலந்த கண்கள். பருந்து, கழுகு என்றாலே மஞ்சள் கண்ணையும் பழுப்புக் கண்ணையும் எதிர்பார்த்துப் பழகிய நமக்கு இந்த நிறம் கொஞ்சம் திடுக்கிடலாகவே இருக்கிறது.

1896-இல் ஆங்கிலேய இயற்கையாளர் ஜான் வைட்ஹெட் பிலிப்பைன்ஸின் சமார் தீவிலிருந்து இதன் தோலை லண்டனுக்கு அனுப்ப, பறவையியலாளர் ஒகில்வி-கிராண்ட் அதை வைத்து இனத்தை விவரித்து எழுதினார். பதம்செய்த தோலில் கண் இருக்காது. அந்த நீலத்தை அருங்காட்சியக மேசையில் வைத்து யாரும் பார்த்திருக்க முடியாது என்பதை நினைத்தால், கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

பிறகு அந்தக் கொண்டை. வெளிர்ப் பழுப்பில் கருங்கீற்று ஓடும் நீண்ட கூர் இறகுகள். பறவை சாவகாசமாக இருக்கும்போது பிடரியில் படிந்து கிடக்கும். ஏதோ ஒன்று கவனத்தை இழுத்தால் ஒவ்வொன்றாக எழும்பி, தலையைச் சுற்றி விரிந்து நிற்கும். எழும் அந்த ஒரு கணத்தைப் பிடிப்பவர்தான் நல்ல படமெடுப்பவர். முழுக்க விரிந்த பிறகு எடுத்த படங்கள் ஏராளம், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பாதி எழுந்த கொண்டையில்தான் பறவை யோசிப்பது தெரிகிறது.

இவ்வளவையும் கிட்டத்தில் பார்க்க பிலிப்பைன்ஸின் டாவோ நகரை ஒட்டிய மலாகோஸ் கழுகு மையம் இருக்கிறது. செயற்கைக் கருவூட்டலில் பொரித்த முதல் குஞ்சான 'பக்-அசா' 1992-இல் பிறந்தது அந்த மையத்தின் முயற்சியில்தான். காட்டுக்குப் போகுமுன் அங்கே அரை நாள் நிற்பது வீண்போகாது. காட்டில் கழுகு இத்தனை விவரத்தோடு எதிரே வந்து உட்காராது.

காட்டில் பார்க்கப் பலரும் போவது மிண்டனாவோ தீவின் கிட்டாங்லாட் மலைக்கு. காகயான் டி ஓரோ நகரிலிருந்து தெற்கே போனால், வழி நெடுக அன்னாசித் தோட்டங்கள். மலைபலை ஊரை நெருங்கும்போது டல்வாங்கன் கிராமம். அங்கிருந்து நடைதான், லென்ஸ் மூட்டைகள் குதிரை முதுகில் ஏறும். மழைக்காட்டில் மரங்களுக்குள் நின்றால் இலை மட்டும்தான் தெரியும் என்பதால், பள்ளத்தாக்கு முழுதும் கண்ணுக்கு எட்டும் மேட்டில் டிரைபாடை ஊன்றி உட்கார வேண்டும். விடியலில் குளிர், பனிமூட்டம். வெயில் ஏறிச் சரிவு சூடாகிக் காற்று மேலெழும்பினால்தான் கழுகும் மேலே வரும். மதியத்துக்குப் பிறகு மேகம் வந்து மூடிவிட்டால் அன்றைய கதை முடிந்தது.

இதன் வேட்டைமுறை தெரிந்தவருக்குக் காத்திருப்பதில் ஒரு சுவை இருக்கிறது. மலைச்சரிவின் மேல்பகுதியில் ஒரு கிளையில் அமர்ந்து பார்க்கும். ஒன்றும் சிக்காவிட்டால் கொஞ்சம் கீழே இன்னொரு கிளை, அதற்கும் கீழே வேறொன்று. அடிவாரத்தை நெருங்கியதும் மறுபடி மேலே போய் முதலிலிருந்து தொடங்கும். பறக்கும் லெமூர், மரநாய், குரங்கு, இருவாச்சி என்று எதுவும் இரையாகலாம். சில சமயம் ஜோடியாக வேட்டையாடும்: ஒன்று குரங்குக் கூட்டத்தின் கவனத்தைத் திருப்ப, மற்றது பின்னாலிருந்து பாயும். உடம்பின் பருமனுக்கு இறக்கை அகலம்தான், நீளமில்லை. வால் மட்டும் நீளம். மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து புகுவதற்கு ஏற்ற கட்டு.

படமெடுப்பவரை இந்தப் பறவை மாட்டிவிடும் இடம் வயிறு. முதுகு பழுப்பு, வயிறு நல்ல வெண்மை, பின்னணியோ இருண்ட காடு. கேமரா தானாகக் கணக்கிட்டால் காட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வயிற்றில் ஓர் இறகுகூடத் தெரியாமல் வெறும் வெள்ளைத் திட்டாக வெந்துபோகும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் காடு இன்னும் இருண்டு, மார்பிறகுகளின் அடுக்கு மெல்லத் துலங்கும். அந்த அடுக்கு தெரியும் படங்களை நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

குரல் இன்னொரு வேடிக்கை. இத்தனை பெரிய உடம்பிலிருந்து நீண்ட மெல்லிய சீழ்க்கைதான் வருகிறது. கழுகு என்று நினைக்காமல் ஏதோ சிறு பறவை என்று விட்டுவிடலாம்.

தென் அமெரிக்காவின் ஹார்பி கழுகுக்கு இது உறவு என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். இரண்டும் மழைக்காடு, இரண்டும் கொண்டை, இரண்டும் குரங்கைத் தூக்கும் பலம். 2005-இல் வெளியான மரபணு ஆய்வு அந்த உறவை வெட்டிவிட்டு, இதைப் பாம்புக் கழுகுகளின் குடும்பத்தில் சேர்த்தது. அப்படியானால் வால்பாறைச் சாலையோர மரத்தில் பிடரி சிலிர்த்து உட்கார்ந்திருக்கும் நம்முடைய கொண்டைப் பாம்புக் கழுகு இதற்குத் தூரத்துப் பங்காளி. ஒருமுறை அதையும் நேருக்கு நேராகப் பார்த்து வையுங்கள்.

ஜோடி இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடுகிறது. இன்றைக்கு மிஞ்சியிருப்பது சுமார் 400 ஜோடி என்று கணக்கு. ஒவ்வொன்றுக்கும் பல ஆயிரம் ஹெக்டேர் காடு வேண்டும். அதனால் கிட்டாங்லாட்டில் கிடைக்கும் படங்களில் கழுகு பெரும்பாலும் எதிர்ச் சரிவின்மேல் ஒரு விரற்கடை அளவில்தான் இருக்கிறது. கீழே காடு, காட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு காய்கறித் தோட்டம். பலர் தோட்டத்தை வெட்டியெறிந்துவிட்டுக் கழுகைப் பெரிதாக்கி மாட்டுகிறார்கள். நானாக இருந்தால் தோட்டத்தையும் விட்டுவைத்தே அச்சிடுவேன். கழுகு சின்னதாகவே இருக்கட்டும்.