ஆளுகையும் காவலும்: லின் வைற்றின் குற்றச்சாட்டும் திருச்சபையின் மறுமொழியும்

சுற்றாடற் சீர்கேடு விஞ்ஞானிகளுக்கும் பொருளியலாளருக்கும் மாத்திரம் உரிய பிரச்சினையன்று. மனிதன் இயற்கையை எவ்வாறு நோக்குகின்றான் என்பதற்கும் அதனை எவ்வாறு நடத்துகின்றான் என்பதற்கும் நெருங்கிய தொடர்புண்டு. அவ்வாறாயின், அந்நோக்கை உருவாக்குவதிற் பங்குகொண்ட சமயமும் விசாரணைக்கு உட்படுதல் தவிர்க்கவியலாதது. கிறிஸ்தவத்தைப் பொறுத்தவரை இவ்விசாரணையைக் கூர்மையாகத் தொடக்கிவைத்தவர் அமெரிக்க வரலாற்றறிஞர் லின் வைற். அவரது கட்டுரையையும், ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர் வெளிவந்த பாப்பரசர் பிரான்சிஸின் ‘லவுதாத்தோ சீ’ என்னும் சுற்றுமடலையும் ஒருங்குவைத்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வைற்றின் கட்டுரை 1967 மார்ச்சில் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியானது. சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை எழுப்பிய விவாதம் இன்னும் ஓயவில்லை. மத்தியகாலத் தொழில்நுட்ப வரலாற்றில் தேர்ந்தவரான வைற், ஐரோப்பாவின் பாரிய கலப்பையிலிருந்து தமது வாதத்தைத் தொடங்குகின்றார். வட ஐரோப்பாவின் கனத்த மண்ணை ஆழ உழுத அக்கலப்பையை இழுக்க எட்டு எருதுகள் வேண்டியிருந்தன. தனியொரு குடியானவனிடம் எட்டு எருதுகள் இருப்பதில்லை. எனவே பலர் கூடி உழுதனர். நிலமும் குடும்பத்தின் தேவையை நோக்கியன்றிக் கலப்பையின் ஆற்றலை நோக்கிப் பங்கிடப்பட்டது. இயற்கையின் ஒரு பகுதியாயிருந்த மனிதன் அதனைச் சுரண்டுபவனாக மாறினான் என்பது அவரது கணிப்பு. இம்மாற்றத்துக்கு இசைவான மனப்பாங்கை மேற்கத்தியக் கிறிஸ்தவமே வழங்கியது என்றும், மனிதனை மையமாகக் கொண்ட சமயங்களுள் அதுவே தலையாயது என்றும் அவர் வாதிடுகின்றார். மரத்துக்கும் ஊற்றுக்கும் மலைக்கும் காவல் தெய்வங்கள் இருந்த நம்பிக்கையை அது அழித்தமையால், இயற்கையின்மேற் கைவைப்பதற்கு இருந்த தயக்கமும் அழிந்தது என்பது அவரது முடிபு.

வைற் சமயத்தைத் தூக்கியெறியுமாறு கூறவில்லை என்பது ஈண்டு கருதற்பாலது. நோயின் வேர் சமயத்தில் இருப்பின் மருந்தும் சமயத்தன்மை உடையதாகவே இருத்தல் வேண்டும் என்று கூறி, அசிசி நகரப் பிரான்சிஸைச் சூழலியலாளரின் பாதுகாவலராக அவர் முன்மொழிந்தார். 1979 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அப்புனிதரையே அவ்வாறு பிரகடனஞ் செய்தார். குற்றஞ்சாட்டியவரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் ஒரே மனிதரிடத்தில் வந்து நின்றமை கவனத்துக்குரியது.

எனினும் வைற்றின் வாதத்தை இரண்டு வகையிற் சோதித்தல் வேண்டும். முதலாவது, மூலநூல் தொடர்பானது. ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்தில் மனிதனுக்கு இடப்படும் கட்டளையில் இரு எபிரேய வினைகள் வருகின்றன. ஒன்று ‘கபாஷ்’, மற்றது ‘ராதா’. பரவலாக வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவற்றைக் ‘கீழ்ப்படுத்தல்’, ‘ஆண்டுகொள்ளல்’ என்னும் பொருளில் தருகின்றது. இம்மொழிபெயர்ப்பிற் பிழை காண்பதற்கில்லை. ‘கபாஷ்’ உண்மையிலேயே கடுமையான சொல். நாட்டைப் போரில் வசப்படுத்துவதற்கு யோசுவாவிலும், விடுதலை பெற்றோரை மீண்டும் அடிமையாக்குவதற்கு எரேமியாவிலும் அச்சொல்லே ஆளப்படுகின்றது. சமயவாதிகள் சிலர் இக்கடுமையை மறைத்து, முதலதிகாரம் முழுவதும் அன்பையே போதிப்பதாக எழுதுவது நேர்மையான வாசிப்பு ஆகாது.

ஆனால், அடுத்த வினை வேறொரு வழியைத் திறக்கின்றது. ‘ராதா’ என்பது அரசனின் செயலைக் குறிப்பது. மந்தையைக் கொடுமையாய் ஆண்ட மேய்ப்பரை எசேக்கியேல் கண்டிக்கும் இடத்திலும் இதே வினை வருகின்றது. ஆளுதல் என்பது தன்னளவில் நியாயமாகிவிடுவதில்லை. அது தீர்ப்புக்கு உட்பட்டது என்பது இதனாற் புலனாகும். மேலும், மனிதனுக்குப் பெருகும் ஆசி வழங்கப்படுமுன்னரே மீன்களுக்கும் பறவைகளுக்கும் அவ்வாசி வழங்கப்பட்டுவிடுகின்றது. இரண்டாம் அதிகாரத்திலோ மனிதன் தோட்டத்திற் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்படுகின்றான். ‘பண்படுத்தல்’ எனத் தமிழில் வரும் வினையின் மூலமான ‘அபாத்’ என்பதற்குப் பணிசெய்தல் என்ற பொருளும் உண்டு. தமிழ்ச் சொல் உழவனைக் காட்டுகின்றது, ஊழியனைக் காட்டவில்லை. லேவியராகமம் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கே ஓய்வளிக்கின்றது. யோபுவின் நூலோ மனிதர் எவருமில்லாப் பாலையிற் பெய்யும் மழையைப் பேசுகின்றது. மனிதனுக்குப் பயன்படாத மழையும் கடவுளின் அக்கறைக்குரியதாயின், மனிதனே மையம் என்று கூறுவது எங்ஙனம்? வைற் விவிலியத்தின் ஒரு குரலைக் கேட்டார். மறு குரல்களைக் கேட்கவில்லை.

இரண்டாவது சோதனை வரலாறு தொடர்பானது. எத்தியோப்பியா நாலாம் நூற்றாண்டு முதலே கிறிஸ்தவம் வேரூன்றிய நாடு. அங்கும் இதே ஆதியாகமமே படிக்கப்பட்டது. ஆயினும், அந்நாட்டின் வடபகுதி மேட்டுநிலத்தில், விளைநிலங்களும் மேய்ச்சல் நிலங்களும் சூழ்ந்திருக்கப் பழைய காடு எஞ்சி நிற்பது பெரும்பாலும் தேவாலயங்களைச் சுற்றியே. மறுபுறத்தில், சமயத்தை மறுத்த சோவியத் அரசு பருத்திச் செய்கைக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திசைதிருப்பியமையால், 1960 இல் உலகின் நாலாவது பெரிய ஏரியாயிருந்த ஆரல் கடல் பெரும்பாலும் வற்றிப்போயிற்று. மார்க்சியமும் யூத, கிறிஸ்தவ மரபிலிருந்து கிளைத்த ஒன்றே என்று வைற் முன்கூட்டியே விடை கூறியுள்ளார். ஆனால், நம்பியவனின் செயலுக்கும் மறுத்தவனின் செயலுக்கும் ஒரே நம்பிக்கைதான் காரணம் எனின், அக்காரணம் எதனையும் விளக்கவில்லை என்பதே பொருள்.

எமது மலையகமும் இதற்குச் சான்று பகரும். கோப்பிச் செய்கைக்காக மத்திய மலைநாட்டின் காடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டியும் எரித்தும் அழிக்கப்பட்டன. துரைமாரிற் பலர் கிறிஸ்தவரே. ஆனால், காட்டை அவர்தம் கையிற் கொடுத்தது ஆதியாகமமன்று. காட்டையும் பயிரிடப்படாத நிலத்தையும் முடிக்குரியதெனக் கொண்ட 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டமும் இலண்டன் சந்தையுமே. 1869 இல் இங்கு கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தபோது துரைமார் மனந்திரும்பவில்லை, தேயிலைக்கு மாறினர். எனவே கருத்துக்கள் தாமே காடழிப்பதில்லை. சொத்துறவும் இலாபமும் அழிக்கின்றன. கருத்துக்கள் அதற்கு நியாயங் கற்பிக்கின்றன. அந்நியாயத்தைத் திருச்சபை மறுத்ததா, அன்றி மௌனம் காத்ததா என்பதே வைற் எழுப்பியிருக்கவேண்டிய வினா.

இப்பின்னணியிலேயே ‘லவுதாத்தோ சீ’ நோக்கப்படல் வேண்டும். 2015 யூனில் வெளியிடப்பட்ட இச்சுற்றுமடல் ஆறு அதிகாரங்களும் 246 பந்திகளும் கொண்டது. இதன் தலைப்பு அசிசியார் தமது அம்பிரிய வட்டார மொழியிற் பாடிய படைப்புகளின் பாடலிலிருந்து பெறப்பட்டது. கத்தோலிக்கருக்கு மாத்திரமன்றி உலகில் வாழும் ஒவ்வொருவருக்கும் இது விளித்துரைக்கின்றது. கிறிஸ்தவர் சிலவேளைகளில் மறைநூலைத் தவறாக விளங்கிக்கொண்டனர் என்பதை இது வெளிப்படையாக ஒப்புக்கொள்கின்றது. பூமியின் துயரையும் ஏழைகளின் துயரையும் பிரித்துப் பார்க்கலாகாது என்பதே இதன் மிகப்பெரிய பங்களிப்பு. மரத்துக்காக வருந்தி மனிதனை மறக்கும் செல்வரின் சூழலியலும், மனிதனைப் பேசி மண்ணை மறக்கும் அபிவிருத்தியும் இங்கு ஒருசேர மறுக்கப்படுகின்றன. அளவற்ற வளர்ச்சியையும் தொழில்நுட்ப ஆதிக்கத்தையும் சாடும் மூன்றாம் அதிகாரம் வைற்றின் ஆய்வினும் ஆழமாகச் செல்கின்றது.

ஆயினும், இதன் குறையையும் சுட்டுதல் விமர்சகனின் கடனாகும். தவறான விளக்கம் நிகழ்ந்தது என்று கூறும் சுற்றுமடல், அவ்விளக்கத்தை யார், எக்காலத்தில், எந்நலன் கருதிக் கைக்கொண்டனர் என்பதை விரித்துரைக்கவில்லை. குடியேற்றவாதத்தின் கப்பலில் வேதாகமமும் பயணஞ் செய்தது. அவ்வரலாறு சொல்லப்படாதவிடத்துப் பாவம் உண்டு, பாவியைக் காணோம் என்ற நிலையே எஞ்சும். மனமாற்றம் கோரும் சமயம், மாறவேண்டியவர் யாவர் என்பதையும் கூறுதல் வேண்டும்.

இன்று கிறிஸ்தவச் சூழலியலாளர் பலர் ‘பொறுப்பாளன்’ என்னும் கருத்தையே தீர்வாக முன்வைக்கின்றனர். பூமி கடவுளுடையது, மனிதன் அதன் மேற்பார்வையாளன் மாத்திரமே என்பது அவர் கூற்று. இது எசமானன் என்ற கருத்தினும் மேலானது. ஆனால், துரைக்குக் கணக்கொப்புவித்த கங்காணியும் ஒருவகைப் பொறுப்பாளனே. மேலுள்ளவனுக்கு விசுவாசமாயிருப்பவன் கீழுள்ளவற்றுக்கு நீதி செய்வான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அசிசியார் இவ்விடத்திலேயே வேறுபடுகின்றார். ஞாயிற்றையும் நீரையும் நெருப்பையும் அவர் உடன்பிறப்புக்களாக விளித்தார். உடைமை துறந்த வறியவராக வாழ்ந்தமையாலேயே அவ்வுறவு அவருக்கு வெறும் உருவகமாக நின்றுவிடவில்லை. அவரைப் பாதுகாவலராக ஏற்றல் எளிது. அவரது வறுமையை ஏற்றல் அரிது.

ஆதலின் வைற்றின் குற்றச்சாட்டு முழுமையாக நிறுவப்படவில்லை, முழுமையாக மறுக்கப்படவுமில்லை. விவிலியத்தில் ஆளுகையும் உண்டு, காவலும் உண்டு. எதனைத் தெரிந்துகொள்வது என்பது அதனைக் கையில் ஏந்தியோரின் நிலையைப் பொறுத்தது. திருச்சபை எதனைத் தெரிந்துகொண்டது என்பதற்குச் சுற்றுமடல்கள் மாத்திரம் சான்றாகா. தனது நிலத்தையும் செல்வத்தையும் செல்வாக்கையும் அது யாருக்காகப் பயன்படுத்துகின்றது என்பதே சான்றாகும்.