பத்துப் பேர்ச் காணிக்கு எந்தச் செயின்சோ?

நுகேகொடையில் செயின்சோ வாங்க நினைப்பவர்கள், கடைக்குப் போகுமுன் தங்கள் வளவை ஒரு தடவை சுற்றி வரவேண்டும். அநேகமான காணிகள் பத்துப் பேர்ச்சுக்குள்தான். அதற்குள் ஒரு பலா, ஒரு ஈரப்பலா, இரண்டு தென்னை, மதிலோரம் ஒரு மா. மதிலுக்கு அப்பால் அயலவரின் சீற்றுக் கூரை; தலைக்கு மேல் மின்கம்பி. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் கிளைகள் முறியும், சில நேரம் முழு மரமே ஹைலெவல் வீதிக்குக் குறுக்கே சாயும். இந்த இடத்துக்கு ஏற்ற வாள் வேறு. அவிசாவளைப் பக்கம் வயதுபோன இறப்பர் மரங்களை விறகாக்குகிறவருக்கு ஏற்ற வாள் வேறு. வன்னியில் பாலையையும் முதிரையையும் அரிகிறவருக்கு வேண்டியது இன்னொன்று. கடையில் இந்த வித்தியாசத்தை யாரும் கேட்பதில்லை. "எத்தனை சிசி வேணும்?" என்பதுதான் முதல் கேள்வி.

வீட்டு வளவுக்கு 30 சிசி அளவில், 14 இஞ்சி அலகுள்ள வாள் தாராளம் என்பது என் முடிவு. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு இஞ்சியும் பாரம், செலவு, ஆபத்து.

தெல்கந்தையில் உறவினர் ஒருவரின் வளவில் நான் அதிகம் கையாண்டது ஸ்டில் எம்எஸ் 170. 30.1 சிசி, 1.2 கிலோவாற், அலகும் சங்கிலியும் சேர்க்காமல் ஏறக்குறைய 4 கிலோ. நிலத்தில் வைத்து, பின்பிடிக்குள் வலது பாதத்தின் முனையை நுழைத்து, முன்பிடியை இடக்கையால் அழுத்திக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். முழுச் சோக்கில் ஒரு தரம் இருமிய பிறகு நெம்பை ஒரு படி மேலே தள்ளி இழுத்தால் பிடித்துக்கொள்ளும். கொழும்புச் சூட்டில் இதற்கு மேல் மல்லுக்கட்டத் தேவையில்லை. எட்டு இஞ்சிப் பலாக் கிளையில் வைத்தபோது நான் அழுத்தவேயில்லை; தன் எடையிலேயே இறங்கியது. மஞ்சள் சீவல்கள் காலடியில் குவிந்தன. பலாவின் கஷ்டம் வெட்டி முடித்த பிறகுதான் தெரியும். பச்சை மரத்தின் பால், தூளோடு சேர்ந்து சில்லு மூடிக்குள் களியாக அப்பிக்கொள்ளும். அன்றைக்கே மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெய் தோய்த்த பழைய தூரிகையால் துடைக்காவிட்டால் அடுத்த நாள் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

தென்னை வேறு விதம். வெளிவளையம் இரும்புபோல இறுகியிருக்கும், உள்ளே நார். அது சங்கிலியின் கூர்மையை விரைவில் தின்றுவிடும். ஒரு தென்னையைத் துண்டு போடுவதற்குள் இடையில் அரம் பிடிக்காமல் முடியாது. அந்த வேலையில் இந்தச் சிறிய வாள் மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும். இரண்டடிக்கு மேற்பட்ட அடிமரத்துக்கு இது உதவாது. அந்த அளவு மரத்தை வீட்டுக்காரர் தொடவும் கூடாது.

22 இஞ்சி அலகோடு, 58 சிசி என்ற முத்திரையோடு விற்கும் மலிவு வாள் ஒன்றையும் அதே வளவில் ஓட்டிப் பார்த்தேன். வலு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெற்றோலும் ஒயிலும் நிரப்பினால் ஏழு கிலோவை நெருங்குகிறது. மதிலுக்கும் மரத்துக்கும் இடையே திரும்பும்போது அந்த நீள அலகின் மூக்கு எங்கே முட்டுகிறது என்று கண்காணித்தே கழுத்து நொந்துபோகும். அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்தன. வருடக்கணக்காக இந்த அதிர்வில் வேலை செய்பவர்களுக்கு விரல் நுனிகள் வெளுத்து உணர்விழக்கும் நோய் வருவது மருத்துவம் அறிந்த உண்மை. தினக்கூலிக்கு மரம் வெட்டுகிறவர்களிடம் இருப்பது பெரும்பாலும் இந்த வகை வாள்தான். நடுத்தர வேலையாக, மாதம் ஒரு லோட் விறகு அரிபவர் என்றால் 45 சிசி வகுப்புக்குப் போகலாம். ஸ்டில் எம்எஸ் 250 அந்த வகுப்பில் 4.6 கிலோ மட்டுமே.

உண்மையில் எந்தக் கம்பனி என்பதைவிடச் சங்கிலிதான் முக்கியம். இன்றைய சங்கிலியின் பல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பிறந்தது. ஜோசப் கொக்ஸ் என்ற மரம்வெட்டி, மரக்கட்டையைத் துளைக்கும் ஒரு வண்டின் புழு தன் தாடைகளால் இடமும் வலமும் மாறிமாறிச் சீவிக்கொண்டு போவதை 1946 இல் கவனித்தார். அடுத்த வருடமே அதே ஒழுங்கில் பற்கள் மாறிமாறி அமைந்த சங்கிலியைச் செய்து விற்கத் தொடங்கினார். ஆக, பல்லின் வேலை சீவுவது. கூரான சங்கிலி சீவல் தள்ளும். மழுங்கியது மாவாகத் தூவும். தூள் மாவாகிவிட்டால் உடனே நிறுத்துங்கள். அழுத்திப் பிடித்துத் தொடர்ந்தால் அலகு சூடேறும், என்ஜின் திணறும், கை தளரும்.

14 இஞ்சி வாளில் வரும் சிறிய 3/8 சங்கிலிக்கு 4 மில்லிமீற்றர் உருண்டை அரம். பல்லின் மேல் கீறியிருக்கும் 30 பாகைக் கோட்டுக்கு நேராக வைத்து, உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். ஒரு பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளல், எல்லாப் பல்லுக்கும் அதே எண்ணிக்கை. ஒரு பக்கத்தை அதிகம் தேய்த்தால் வெட்டு வளைந்து போகும். நாலைந்து தடவை தீட்டிய பின், பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு மேட்டையும் தட்டை அரத்தால் தேய்த்து, பல்லைவிட 0.65 மில்லிமீற்றர் தாழ்வாக வைத்துக்கொள்ள வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. பல் கூராக இருந்தும் வாள் ஏன் கடிக்கவில்லை என்று கார்பரேற்றரைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

ஒயில் விஷயத்திலும் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. கராஜில் வாங்கிய கழிவு ஒயிலைச் சங்கிலிக்கு ஊற்றுகிறார்கள். அதில் என்ஜினின் இரும்புத் துகள் இருக்கிறது. அலகின் பள்ளத்தையும் ஒயில் பம்பையும் அரித்துவிடும். அது தோலுக்குக் கெடுதி, கிணறு பக்கத்தில் இருந்தால் நிலத்துக்கும் கெடுதி. சங்கிலி ஒயில் ஒரு போத்தல் வாங்குவது பெரிய செலவல்ல. எரிபொருளுக்கு, வாளோடு வரும் கையேடு சொல்வதையே கேளுங்கள். ஸ்டில் தன் ஒயிலுக்கு 50க்கு 1 என்கிறது, அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். மலிவு வாள்கள் பல 25க்கு 1 கேட்கின்றன, அது 40. ஓட்டோக்காரரிடம் வாங்கிய 2ரி ஒயிலைக் கண்மதிப்பில் ஊற்றுவதுதான் பிஸ்டன் இறுகுவதற்குப் பெரும் காரணம்.

பற்றரி வாள் வாங்கலாமா என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற நண்பர்கள் கேட்கிறார்கள். 36 வோல்ற் வாள் ஒன்றைக் கையில் எடுத்தால், இப்படியான நெருக்கமான தெருக்களுக்கு அதன் அருமை புரியும். சுவிச்சை விட்டதும் அமைதி. புகை இல்லை, கயிறு இழுப்பது இல்லை, ஞாயிறு காலையில் அயலவர் எட்டிப் பார்ப்பதும் இல்லை. முறிந்த கிளைகளைத் துண்டு போட அது போதும். அடுக்கடுக்காக விறகு அரியப் போதாது. 2022 இன் பொருளாதார நெருக்கடியையும் மறந்துவிடக் கூடாது. காஸ் இல்லாமல் கொழும்பு வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பிய அந்த ஏப்ரலில், கான்களில் பெற்றோல் கொடுப்பது நிறுத்தப்பட்டது. அதற்குச் சற்று முன், மார்ச் இறுதியில், மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலத்தைத் தொட்டது. பெற்றோல் வாளும் பற்றரி வாளும் ஒன்றாய் ஓய்ந்திருந்த நாட்கள் அவை. நல்ல கைவாள் ஒன்றும் கோடாலி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். விறகைப் பிளப்பது எப்படியும் கோடாலியின் வேலைதான்.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். சொந்தக் காணியில் நின்றாலும் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்கப் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் அது. கிராம உத்தியோகத்தரிடம் தொடங்குங்கள். பஞ்சத்தில் சோறாகும் மரம் என்பதால்தான் பலாவுக்கு இந்தக் காவல். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரெங்கும் பலாக்கன்று நடவைத்த ஆதர் வி. டயஸைச் சிங்கள மக்கள் இன்றும் "கொஸ் மாமா" என்று நினைவுகூருகிறார்கள். வாளையும் பதிவு செய்ய வேண்டும். 2018 இல் அரசு இதைத் தீவிரப்படுத்தியது. 2019 இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன செயின்சோக்களையே தடைசெய்யப் போவதாக அறிவித்தார். ஆகவே பற்றுச்சீட்டும் தொடரிலக்கமும் இல்லாத வாளை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இனி உயிர் விஷயம். அலகு மூக்கின் மேல் கால்வட்டம் கட்டையில் பட்டால் வாள் ஒரு நொடிக்குள் முகத்தை நோக்கி எகிறும். சங்கிலி அப்போது வினாடிக்கு 20 மீற்றர் அளவில் ஓடிக்கொண்டிருக்கும். முன்பிடிக்கு முன்னால் நிற்கும் பிரேக் தகடு அதற்காகத்தான். வேலை தொடங்குமுன் இடது மணிக்கட்டால் அதைத் தள்ளிச் சங்கிலி நிற்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஏணியில் நின்று வெட்டக் கூடாது, ஒற்றைக் கையால் வெட்டக் கூடாது. கம்பியை ஒட்டிய கிளைக்கு, இங்கே மின்சாரம் தருகிற லெக்கோவை அழையுங்கள்.

மரம் வெட்ட வருகிறவர்கள் சாரமும் பாட்டாவுமாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. செயின்சோக் காற்சட்டையின் உள்ளே நீண்ட இழைகள் இருக்கின்றன. சங்கிலி பட்டதும் அவை பற்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்திவிடும். இங்குள்ள புழுக்கத்துக்கு, பின்பக்கம் திறந்த முன்காப்பு வகை தாங்கக்கூடியது. காதுக்காப்பும் முகவலையும் சேர்ந்த தலைக்கவசம், சப்பாத்து, இந்தக் காப்பு ஆகியவற்றை முதலில் வாங்குங்கள். கூலிக்கு ஆள் பிடித்தாலும் அவருக்கும் அணியக் கொடுங்கள். மிஞ்சும் பணத்துக்கு எந்த வாள் வருகிறதோ, உங்கள் வளவுக்கு அது போதும்.