குறிஞ்சிப்பாட்டின் மலர்களும் காணும் கண்ணும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டைக் கற்றோர் முதற்கண் நினைவுகூர்வது அதன் தொண்ணூற்றொன்பது மலர்களையே. கபிலர் பாடிய இப்பாட்டு 261 அடிகளை உடையது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடியது என்பது மரபு. இவ்வடிகளுள் முப்பதுக்கும் மேற்பட்டவை மலர்ப் பெயர்களாலேயே நிரம்பியுள்ளன. அண்மையில் பிரிக்பீல்ட்ஸில் தமிழாசிரியர் சிலர் கூடியிருந்தபோது நண்பர் ஒருவர், "இது கவிதையா, பூக்கடைப் பட்டியலா?" என்று கேட்டுவிட்டார். உடனே மற்றொருவர், "கபிலரின் கண் புகைப்படக் கருவி ஐயா! மலையை அப்படியே படம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்" என்று விடையிறுத்தார். இருவர் கூற்றும் எனக்கு உடன்பாடில்லை. பின்னவர் கூற்றுப் புகழ்ச்சிபோலத் தோன்றினும், முன்னவர் கூற்றைவிடப் பாட்டுக்கு மிகுந்த கேடு செய்வது அதுவே என்பேன்.

கண் புகைப்படக் கருவி அன்று. இன்றைய மூளையியல் இதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவியுள்ளது. நம் விழித்திரையில் மிகத் தெளிவாகக் காணவல்ல இடம் மிகச் சிறியது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவினது. ஆகவேதான் கண் நொடிக்கு ஏறத்தாழ மும்முறை இடம் பெயர்ந்துகொண்டே இருக்கிறது. ஆயினும் ஒரு காட்சியின் பொதுத்தன்மையை மூளை வியக்கத்தக்க விரைவில் பற்றிக்கொள்கிறது. 1996-இல் பிரெஞ்சு நாட்டில் சைமன் தோர்ப் என்பாரும் அவர்தம் துணைவர்களும் ஓர் ஆய்வு செய்தனர். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே படங்களைக் காட்டி, அவற்றில் விலங்கு உண்டா, இல்லையா என வினவினர். படம் தோன்றிய 150 மில்லி வினாடிக்குள் மூளையின் மின்னலைகள் இரண்டையும் வேறுபடுத்திவிட்டன. 1998-இல் எப்ஸ்டீன், கான்விஷர் என்னும் இருவர், இடங்களின் தோற்றத்துக்கென்றே சிறப்பாகக் கிளர்ச்சியுறும் பகுதியொன்று மனித மூளையில் இருத்தலைக் கண்டனர். 'காடு', 'கரை', 'தெரு' என்னும் உணர்வு முன்னே வருகிறது. மரமும் இலையும் பூவும் கண் ஒவ்வொன்றாய்ச் சென்று தொட்ட பின்னரே வருகின்றன.

(ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். இவ்வாய்வாளர் 'இயற்கைக் காட்சி' என வழங்குவது மலையையும் அருவியையும் மட்டுமன்று. 2022-இல் அச்சேறிய மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராய்வில் எட்டுப் பேருக்கு ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி அவர்தம் மூளையைப் பதிவு செய்தனர். அப்படங்களில் பேருந்தும் உணவுத் தட்டும் பூனையும் உண்டு. சொல்லைக் கண்டு மயங்கிச் சங்கப் புலவர் அனைத்தும் முன்னரே அறிந்திருந்தார் என்று மேடையேறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.)

எனவே, ஒரு மலைச்சாரலை நோக்கிய எவரும் ஒரு பார்வையில் தொண்ணூற்றொன்பது பூக்களைக் கண்டிருக்க இயலாது. தாமரையும் நெய்தலும் தாழையும் அவ்வரிசையில் உள்ளன. இவை மலைக்கே உரிய பூக்களும் அல்ல. படம் பிடித்தார் என்பது பொருந்தாது. அங்ஙனமாயின் பட்டியல் என்ற நண்பரே வென்றாரா?

தமிழ்நாட்டிற் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, கலிபோர்னியாவில் புகழ்பெற்ற மூளையியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் அவருக்குத் துணை வரக்கூடும். 1999-இல் ஹிர்ஸ்டீனுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை கலையின்பத்துக்கு எட்டு விதிகள் வகுத்தது. சோழர் காலப் பார்வதி செப்புத் திருமேனியை எடுத்துக்காட்டாகக் கொண்டமையால் நம்மவர்க்கு அது பெருமிதம் தந்தது. அவ்விதிகளுள் ஒன்று, ஒரு கூறை மட்டும் தனித்தெடுத்துக் காட்டினால் மூளையின் கவனம் சிதறாமல் இன்பம் மிகும் என்பது. சில கோடுகளாலான ஓவியம் நிறைவான வண்ணப் படத்தை வெல்வது இதனால்தான் என்பார். இவ்விதியை அளவுகோலாகக் கொண்டால் கபிலர் பெரும்பிழை செய்தவராவார்! அறிஞர்பால் எனக்குள்ள மதிப்பு பெரிது. எனினும் அவர் விதி ஒருங்கே கண்முன் நிற்கும் உருவத்துக்கு வகுத்தது. பாட்டோ ஒன்றன்பின் ஒன்றாகக் காலத்தில் நிகழ்வது. சிலைக்குரிய அளவுகோலால் பாட்டை அளத்தல் ஆகாது.

இனிப் பாட்டையே நோக்குவோம். மலர்களை அடுக்குபவள் தோழி, கேட்பவள் செவிலி. தலைவியின் காதலை வெளிப்படுத்தி அறத்தொடு நிற்கும் இடம் அது. தினைப்புனத்தில் கிளி கடிந்த மகளிர் அருவியில் ஆடுகின்றனர்; கூந்தலின் ஈரம் புலர்த்துகின்றனர்; நெடுநேரம் நீராடியதால் கண்கள் உள்ளே சிவந்துள்ளன என்கிறாள் தோழி. இதனை அடுத்தே காந்தள் முதலாகப் பூக்கள் வரத் தொடங்குகின்றன. அடுக்கு முடிந்ததும் வரும் வினைகள் யாவை? ஆசை மிக்கவராய் வனத்தில் திரிந்தமையும், மழை கழுவிய அகன்ற பாறைமேல் பூக்களைக் குவித்தமையும். முன்னே கண், பின்னே திரிதல். இடையில் இருப்பது பட்டியல் அன்று. கண் ஒவ்வொரு பூவாய்ச் சென்று தங்கிய நெடும்பொழுது. நாம் மலர்களை எண்ணி வினையை விட்டுவிட்டோம். இப்பிழையை நானும் பல்லாண்டு செய்தவனே. பயிற்சிக் கல்லூரியில் அப்பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பாராட்டுப் பெற்றவன், 'மறுகி' என்னும் சொல்லில் ஒருநாளும் நின்றதில்லை.

எம் தோட்டப் பள்ளியில் படம் பார்த்து வாக்கியம் எழுதும் பயிற்சி உண்டு. "மரம் உள்ளது. மாடு உள்ளது. ஆறு உள்ளது" என்றே பிள்ளைகள் எழுதுவர். ஒருமுறை படத்தைக் கண்ணிமைக்கும் நேரம் காட்டி மறைத்துவிட்டு, "என்ன கண்டீர்?" என்றேன். "கம்பம் ஐயா, மழை வரப்போகுது" என்றாள் ஒரு சிறுமி. மழை படத்தில் இல்லை. வானம் மட்டும் கருத்திருந்தது. பிறகு படத்தை மீண்டும் கொடுத்து, எங்கெங்கே கண் சென்றதோ அந்த வரிசையில் எழுதச் சொன்னேன். அன்று வந்த வாக்கியங்களில் வினைச்சொற்கள் இருந்தன.

எண்ணெய்ப்பனை நிரைகளுக்கிடையே வளரும் பிள்ளைக்குக் குறிஞ்சி விளங்காது என்று கூறுவோர் உளர். நெடுக்குக் கோடுகளை மட்டுமே கண்டு வளர்ந்த பூனைக்குட்டிகளின் மூளை, கிடைக்கோடுகளுக்கு இசையாமற் போனதை 1970-இல் பிளேக்மோரும் கூப்பரும் காட்டினர். அதனையும் சான்றாகக் கொணர்வர். அக்குட்டிகள் எஞ்சிய நேரமெல்லாம் இருளில் அடைபட்டவை. கிள்ளான் பிள்ளைகள் அங்ஙனம் வளரவில்லை. அவ்வரிசையில் உள்ள வாழையும் தாமரையும் சண்பகமும் அவர்கள் கண்டவை. புன்னை இந்நாட்டுக் கடற்கரைகளில் நிற்கிறது. காணாத பூக்கள் பல உண்டு. அவற்றின் பெயரை விரைந்து கடந்தாலும் இழப்பில்லை. திரிந்தவரின் மயக்கம் பிடிபட்டாற் போதும்.

அம்மயக்கத்தின் பயன் அடுத்து வருகிறது. மகளிர் தழையுடுத்துக் கண்ணி சூடி அசோக நிழலில் இருக்கின்றனர். கேட்கும் செவிலியும் பூக்களிலேயே ஆழ்ந்திருக்கிறாள். அப்போதுதான் வேட்டை நாய்கள் வந்து வளைத்துக்கொள்கின்றன. மகளிர் கால் நடுங்க எழுகின்றனர். நாய்களுக்குப் பின்னே தலைவன் வருகிறான். வகுப்பில் இப்பகுதியைப் படிக்கும் ஆசிரியர் மலர்களை மெல்ல, இடம்விட்டுப் படித்து, நாய்கள் வருமிடத்தில் விரைந்து பாருங்கள்.