பேட்ஜ் இல்லாத டிரம்

பழைய ஜப்பானிய டிரம்களைச் சேகரிக்கிறவர்கள் எழுதுவதை மூன்று வருடமாக விடாமல் வாசித்து வருகிறேன். நாவல் விமர்சனத்தில்கூடக் கிடைக்காத ஒரு நிதானம் அவர்களிடம் இருக்கிறது. ஒரு திருகாணியை வைத்துக்கொண்டு நாலு பக்கம் எழுதுவார்கள், அந்த நாலு பக்கத்தில் ஒரு வரிகூட வீண் இருக்காது. எனக்கு அவர்களோடு ஒரு சண்டை உண்டு. அதற்கு முன் அவர்களுக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன்.

கதை 1960களுடையது. 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்தார்கள். ரிங்கோ ஸ்டாரின் லட்விக் டிரம் செட்டைப் பார்த்த பையன்கள் எல்லாருக்கும் மறுநாளே அது வேண்டும். லட்விக் வாங்கக் காசில்லாத வீடுகளுக்கு ஜப்பானிலிருந்து மலிவான செட்டுகள் போயின. கட்சுமி யானகிசாவா 1946இல் தோக்கியோவில் இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டு செய்யத் தொடங்கிய சின்னத் தொழில்தான் பின்னாளில் பேர்ல் ஆனது. 1961இல் சிபாவில் ஆலை கட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட விநியோகஸ்தர்களுக்கு அவரவர் பெயரிலேயே டிரம் செய்து அனுப்பினார்கள். மேக்ஸ்வின், மெஜஸ்டிக், அப்போலோ, லைரா, டொரியடோர், ராக்ஸி, ஸ்டூவர்ட், வைட்ஹால்: பெயர்தான் வேறு, வெளியே வந்த வாசல் ஒன்றுதான். ஹோஷினோ நிறுவனம் 1965இல் ஸ்டார் என்ற பெயரில் இறங்கியது. அது 1974இல் தமா ஆயிற்று, நிறுவனக் குடும்பத்துப் பெண் ஒருவரின் பெயர். யமஹா டிரம் செய்ய வந்தது 1967இல். அந்த யமஹாவையும் பல பத்தாண்டுகள் செய்து கொடுத்தது ஒசாகாவில் இருந்த சக்காயே என்ற பட்டறை. உலகமே கொண்டாடிய டிரம்மின் பேட்ஜிலும் செய்தவன் பெயர் கிடையாது என்று ஆகிறது.

ஆகவே பேட்ஜை நம்பக் கூடாது என்பதுதான் சேகரிப்பாளர்களின் முதல் பாடம். டிரம்மைத் திருப்பிப் பார். தோலை இழுத்துப் பிடிக்கிற கம்பிகள் இறங்கும் உலோகக் கூடு இருக்கிறதே, லக் என்பார்கள், அதன் வடிவம் என்ன? ஸ்லிங்கர்லேண்டைப் பார்த்துச் செய்ததா, ரோஜர்ஸைப் பார்த்துச் செய்ததா? ஸ்னேரின் அடிக்கம்பிகளை ஏற்றி இறக்கும் பிடி எந்த மாதிரி? ஷெல்லின் உள்ளே மெல்லிய பிளைவுட்டும் மேலும் கீழும் வலுவுக்கு ஒரு மரவளையமும் இருந்தால் பெரும்பாலும் முந்தைய காலம். வளையம் போய் அடுக்குகள் தடித்திருந்தால் பிந்தையது. மேலே சுற்றிய மினுமினுப்புத் தாளின் ஒட்டு எங்கே முடிகிறது, ‘மேட் இன் ஜப்பான்’ என்ற எழுத்து எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்றெல்லாம் பார்க்கவேண்டும். இதில் எதுவும் தனியாக முடிவு சொல்லாது. நாலைந்து சேர்ந்தால் ஓர் ஆலை தெரியும், ஏறக்குறைய ஒரு காலம் தெரியும்.

இது நமக்குப் பழகின வேலைதான். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எல்லாம் அப்பா அம்மா வைத்த பெயர்கள் இல்லை. பாட்டில் இருந்த ஒரு சொற்றொடரைப் பிடித்துப் பாடியவருக்குப் பெயர் வைத்தார்கள். லக்கின் வடிவத்தை வைத்து ஆலையைச் சொல்கிறவனும் அதையேதான் செய்கிறான். பெயர் தொலைந்த இடத்தில் வேலைப்பாட்டைப் படிப்பது, அவ்வளவுதான்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

முதலில் மரம். இந்த ஷெல்கள் ‘லுவான்’ மரத்தாலானவை. ஒரு காலத்தில் அந்தச் சொல்லே வசவாக இருந்தது. மட்டமான மரம், பெட்டி செய்யும் மரம். இன்றைக்கு அதே ஆட்கள் ‘லுவானின் கதகதப்பான ஓசை’ என்று உருகுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் மரம் மாறவில்லை, விலைதான் மாறியது. லுவான் என்பது ஒரே மரமும் இல்லை. ஷோரியா இனத்தையும் அதன் நெருங்கிய உறவுகளையும் ஒன்றாகக் கட்டிய வியாபாரப் பெயர். அமெரிக்காவில் அதை ‘பிலிப்பீன் மஹோகனி’ என்று விற்றார்கள், மஹோகனிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நம்மூரில் அதன் பெயர் மெராந்தி. பாலோவில் எந்த வீட்டுக் கதவு நிலையைத் தட்டினாலும் பதில் சொல்கிற மரம்.

எங்களுடைய மெல்லிய சிவப்பு மெராந்தியை மட்டும் எடுத்துக்கொண்டாலே, காற்றில் உலர்ந்த நிலையில் அதன் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 385 முதல் 755 கிலோ வரை போகும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். இத்தனை அகலமான ஒன்றுக்கு ‘ஓர் ஓசை’ என்று எழுதினால் ஓர் என்ஜினியர் என்ற முறையில் எனக்குக் கை அரிக்கிறது. தோல் என்ன தோல், எவ்வளவு இழுத்திருக்கிறது, ஷெல்லின் விளிம்பு கூராகச் சீவியதா உருண்டையா என்பவைதான் காதுக்கு முதலில் வந்து சேரும். பழைய ஜப்பான் ஷெல்களில் விளிம்பு பெரும்பாலும் உருண்டை. தோல் அதன்மேல் அதிக இடத்தில் படிவதால் ஓசை சீக்கிரம் அடங்குகிறது. அந்த அடக்கத்தைத்தான் கதகதப்பு என்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

1960களில் ஜப்பானின் பிளைவுட் ஆலைகளுக்குப் பெரும்பங்கு மரம் பிலிப்பீன்ஸிலிருந்து போனது. பிறகு சபா, சரவாக், இந்தோனேசியா. காட்டு மரம் இங்கிருந்து கப்பலேறிப் போய், டிரம்மாகிச் சிங்கப்பூர்க் கடைகள் வழியாக ரயில் தண்டவாளம் ஓரமிருந்த தோட்டங்களுக்குத் திரும்பி வந்திருக்கிறது. சேகரிப்பாளர்களின் எழுத்தில் ‘எங்கே செய்தது’ என்பதற்கு ஒரு பத்தி உண்டு. மரம் எங்கே நின்றது என்பதற்கு ஒரு வரி கிடையாது.

இரண்டாவது, ‘நகல்’ என்ற சொல். இந்த டிரம்களைப் பற்றி எழுதும் எல்லாரும் அமெரிக்க டிரம்களின் நகல் என்று தொடங்குவார்கள். பொய்யில்லை. ஆனால் இந்தச் சொல்லை எங்கேயோ கேட்டிருக்கிறோமே? மலேசியத் தமிழ் எழுத்து தமிழ்நாட்டு வார இதழ்களின் நகல் என்று எத்தனை மேடைகளில் சொல்லிக் கேட்டாயிற்று. சொன்னவர்கள் பல கதைகளைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொன்னார்கள். அதோடு வாசிப்பை நிறுத்திவிட்டதுதான் பிரச்சினை. வடிவத்தை எங்கிருந்து எடுத்தான் என்பது பாதிக் கேள்வி, எந்த மரத்தில் செய்தான் என்பது மீதி. லட்விக் மாதிரி பார்த்துச் செய்த டிரம் மெராந்தியில் செய்ததனாலேயே லட்விக் மாதிரி பேசவில்லை. தமிழ்நாட்டுத் தொடர்கதையின் வடிவத்தில் பால்மரக் காட்டையும் மண்டோரையும் வைத்து எழுதியவனுடைய வாக்கியம் எங்கே இடறுகிறது என்று பார்த்தால், அந்த இடறல் அவனுடையது. யானகிசாவா குடும்பம் 1966இலேயே தொழில்முறைக் கலைஞர்களுக்கான முதல் செட்டைக் கொண்டுவந்துவிட்டது. 1970களின் நடுவில் யமஹாவின் பர்ச் மர டிரம் வந்தபோது அமெரிக்க ஸ்டுடியோக்களே அதைத் தேடிப் போயின. நகல் செய்த காலம் இல்லாமல் இது நடந்திருக்காது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். வாசித்தவன் எங்கே?

பாலோ பக்கத்துத் தோட்டமொன்றின் இன்னிசைக் குழு வைத்திருந்த செட் ஒன்று இப்போது என் வீட்டில் இருக்கிறது. சிவப்பு மினுமினுப்பு, நாலு உருப்படி, பேட்ஜ் இல்லை. வாசித்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. பேட்ஜைப் பற்றிக் கேட்டேன். “அது எப்பவோ உழுந்துருச்சு தம்பி. அப்ப ஜப்பான் சாமான்னா கேவலம்லா, அத வச்சிக்கிட்டு என்ன பண்றது? முன்தோலுல எங்க குழு பேர எழுதிட்டோம்ல.” எழுதியிருக்கிறார்கள். பாஸ் டிரம்மின் முன்தோலில் நீலப் பெயிண்டில் தமிழ் எழுத்து, பாதி உதிர்ந்துபோய்.

படங்களைப் பார்த்த ஒரு சேகரிப்பாளர் அன்போடு சொன்ன யோசனை: முன்தோலைக் கழற்றிவிட்டு அந்தக் காலத்து வெள்ளைத் தோல் தேடிப் போடுங்கள், உள்ளே ஒட்டியிருக்கும் துணியையெல்லாம் உரித்து எடுங்கள், ‘அசல் நிலை’க்குக் கொண்டுவாருங்கள்.

அந்தத் துணிதான் எனக்கு விஷயம். இரண்டு டாம்களின் உள்ளேயும் தோலை ஒட்டினாற்போல் பழைய கைலித் துண்டு மடித்து ஒட்டியிருக்கிறது. ஏன் என்று கேட்டேன். “பக்கத்துல டோலக்கு இருக்கும். டிரம்மு கொய்ங்னு இழுத்துச்சுன்னா டோலக்குக்காரன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவான்.” ஒரே மைக்கில் பாடகரும் டோலக்கும் டிரம்மும் போகிற மேடையில், சினிமாப் பாட்டின் தாளம் டோலக்கின் கையில்தான் இருக்கிறது. டிரம் அதற்குக் கீழே அடங்கி நிற்கவேண்டும். அந்தத் துணி ஓர் இசை முடிவு. உரித்தால் ஆலையிலிருந்து வந்த பொருள் மிஞ்சும், தோட்டத்தில் வாசித்த டிரம் போய்விடும். ஏட்டின் ஓரத்தில் வாசகன் எழுதிய குறிப்பைச் சுரண்டிவிட்டு மூலப்பாடம் கிடைத்தது என்பதுபோல.

மலாய்க் குகிரான் குழுக்களைப் பற்றி இன்று நிறைய எழுதுகிறார்கள், நல்லதுதான். ஆலிகேட்ஸ் என்றால் டேவிட், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் எல்லாருக்கும் தெரியும். டிரம் வாசித்தவரைச் சட்டென்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? இளையராஜாவின் டிரம்மர் புருஷோத்தமனைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கே ரொம்ப நாள் ஆனது. தோட்டத்து நோட்டீஸில் பாடகர் பெயருக்குப் பிறகு ‘மற்றும் குழுவினர்’தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எங்கே சேர்ப்பதென்று தெரியாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் இந்தத் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை. இருபது இருபத்தைந்து வருடம் கழித்து அதே லயங்களின் பிள்ளைகள் ஜப்பான் டிரம் வாசித்திருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் ஏதும் சொன்னார்களா என்று கேட்டதற்கு அவர், “எங்கப்பா கச்சேரிக்கு வரமாட்டாரு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ‘மேட் இன் ஜப்பான்’ என்ற மூன்று சொற்களை இவ்வளவு நுணுக்கமாகப் படிக்கிற எழுத்தில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

செட்டை அவரிடம் காட்டியபோது நான் பாதுகாப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். முன்தோல் விளிம்பில் கிழிந்திருக்கிறது, இழுத்தால் எழுத்தோடு பிளந்துவிடும், அதனால் தொடாமல் வைக்கப்போகிறேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. “தோல மாத்து தம்பி. அடிக்கிறதுக்குத்தானே டிரம்மு?” என்றார். சேகரிப்பாளர் சொன்னதையேதான் இவரும் சொன்னார், காரணம் மட்டும் நேரெதிர். பழைய முன்தோலைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு புதுத்தோல் போட்டேன். டாம்களுக்குள் இருந்த துணியை எடுக்கவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் பாஸ் பெடலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தச் சொன்னார்.