சீமைக்கருவேலக் கட்டையும் நான்கு தாடைச் சக்கும்

பொறுமை இல்லாதவர்களுக்கென்றே மர வேலையில் ஒரு மெஷின் உண்டு. ஒரு ஸ்டூல் செய்ய வேண்டுமென்றால் அளக்க வேண்டும், அறுக்க வேண்டும், துளை போட வேண்டும், பசை காயும்வரை காத்துக் கிடக்க வேண்டும். கட்டையைச் சுழலவிட்டு உளியால் கடைகிற மர லேத்தில் அந்தப் பாடே இல்லை. சாயங்காலக் காபி குடித்துவிட்டுக் கட்டையை மாட்டினால், ராத்திரிச் சாப்பாட்டுக்குள் கையில் ஒரு கிண்ணம்! இந்த ருசி கண்ட நாள் முதல் சங்கரன்கோவிலில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் நான் இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்கள் முறை.

என்னுடையது மேஜைமேல் வைக்கிற சின்ன லேத். ஒரு எச்.பி. மோட்டார், வீட்டு சிங்கிள் ஃபேஸ் கரண்ட் போதும். 12 அங்குல விட்டம் வரை கடையலாம். குமிழைத் திருகினால் வேகம் கூடும், குறையும். விசைத்தறி ஓடுகிற தெரு என்பதால் சத்தம் என்று யாரும் வாசலுக்கு வந்ததில்லை. தறிகளுக்கு நடுவே என் மோட்டார் ஓடுவது எனக்கே சரியாகக் கேட்காது.

ஆனால் லேத் பாதிதான். மீதிப் பாதி அதில் மாட்டுகிற சாமான்கள். என் காசு கரைந்ததும் அங்கேதான், சந்தோஷம் கிடைத்ததும் அங்கேதான். முதல் மரியாதை நான்கு தாடைச் சக்குக்கு. சக் வாங்கும்வரை கட்டையை இரண்டு முனையிலும் பிடித்துத்தான் கடைந்துகொண்டிருந்தேன். அப்படிப் பிடித்தால் பூரிக்கட்டை, மத்து, தொட்டில் கம்பு எல்லாம் வரும், கிண்ணம் வராது. சக்கின் சாவியைத் திருப்பினால் நான்கு தாடைகளும் ஒன்றுபோல நகர்ந்து கட்டையின் அடிக்குமிழைக் கவ்விக்கொள்ளும். எதிர்முனை விடுபட்டுவிடும். அப்புறம் உள்ளே குடைந்துகொண்டே போகலாம். என்ன ஒரு சாமான்! வாங்கும்போது மட்டும் சக்கை மாட்டுகிற சுழல்தண்டான ஸ்பிண்டிலின் மரையைப் பார்த்து வாங்குங்கள். 33 மி.மீ. மரை உள்ள லேத்தில் ஒரு அங்குல மரைச் சக் ஏறாது. நீளக் கட்டையின் எதிர்முனையைத் தாங்கிக்கொண்டு கூடவே சுழல்கிற ரிவால்விங் சென்டர் வாங்கினால், அதன் காம்பு லேத்தின் மறுகோடித் தாங்கியான டெயில் ஸ்டாக்கில் உட்கார்கிற மோர்ஸ் டேப்பர் அளவுதானா என்று கேளுங்கள். 1860-களில் அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் வகுத்த அந்தக் கூம்பு அளவுதான் இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது.

உளிகளில் என் உயிர் நகவுளிதான். ஹை ஸ்பீடு ஸ்டீலில் செய்த நல்ல நகவுளியை, சாணை பிடித்த கையோடு பச்சைக் கட்டையில் வைத்துப் பாருங்கள். சீவல் முறுக்கு பிழிகிற மாதிரி நீளமாக வந்து தோள்மேல் விழும். சீவல் நின்று தூள் பறக்க ஆரம்பித்தால் உளி மழுங்கிவிட்டது, சாணைக்குப் போங்கள் என்று பொருள். வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: விட்டத்தின் அங்குலத்தை வேகத்தால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் நடுவில் வரவேண்டும். 10 அங்குலக் கட்டைக்கு நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்று. கோணல்மாணலான கட்டையென்றால் அதற்கும் கீழேயே தொடங்குங்கள்.

மரத்துக்கு எங்கே போவது? எங்கேயும் போக வேண்டாம்! நம் கண்மாய்க்கரை முழுக்க நிற்கிற சீமைக்கருவேலம் போதும். நான் கட்டை பொறுக்குவதைப் பார்த்து மர மில்காரர் கேட்டார்: “அண்ணாச்சி, இது கரி மூட்டத்துக்குப் போற கட்டல்லா? இத வச்சு என்ன செய்யப் போறிய?” கடைந்த கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “தேக்கா?” என்றார். வெளிவட்டம் வெளிர்மஞ்சள், உள்ளே கருஞ்சிவப்பு. மெழுகு போட்டால் கண்ணைப் பறிக்கும். இதன் நெருங்கிய சொந்தமான மெஸ்கீட் மரத்தை டெக்சாஸ், அரிசோனாவில் கடைசல்காரர்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். காயும்போது அதிகம் சுருங்காது, கோணாது என்பதுதான் காரணம். நாமோ அதை அடுப்பில் வைக்கிறோம்! கடினமான மரம், உளியை அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வேம்பு, பூவரசு மாதிரிப் பச்சை மரமென்றால் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டுக் கடைந்து, சில மாதம் நிழலில் காயவைத்து, பிறகு முடியுங்கள்.

பூச்சுக்கு நான் குருவாக வரித்திருப்பது அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் கடைசல்காரர்களை. மோட்டார் வருவதற்கு முன் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, இன்னொருவர் உளி பிடிப்பார். கட்டை முன்னும் பின்னுமாகச் சுழலும். ஒரு பக்கச் சுற்றில்தான் உளி வெட்டும். அப்படிக் கடைந்துதான் விரல் நீள உலக்கையும் உள்ளங்கை அளவு திருகையும் நம் பிள்ளைகள் கைக்கு வந்தன. பூச்சும் லேத்திலேயேதான்: அரக்குக் குச்சியைச் சுழலும் கட்டையில் அழுத்தினால் உரசல் சூட்டிலேயே அரக்கு உருகி ஒட்டிக்கொள்ளும். தூரிகை வேண்டாம், காய்கிற நேரமும் வேண்டாம். காய்ந்த தாழை மடலை வைத்துத் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு. முதல் தடவை அது மின்னியபோது வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். லேத் முன்னால் வேட்டி, துண்டு, தொளதொளச் சட்டை, மோதிரம் எதுவும் கூடாது. முகத்துக்குக் கவசம், மூக்குக்கு முகமூடி.

ஆசை வந்துவிட்டதா? பெரிய லேத்துக்குக் காசு சேரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். சின்னதை வாங்கி, மிச்சத்தில் நல்ல சக்கும் ஒரு சாணை மெஷினும் வாங்குங்கள். முதலில் பூரிக்கட்டை ஒன்று கடைந்து அடுக்களையில் கொடுத்துவிடுங்கள். பூரி வட்டமாக வந்தால், அடுத்த சாமான் வாங்க வீட்டில் தடை இருக்காது!