சிறைக்குள் ஓர் அரசு

டேவிட் ஸ்கார்பெக் என்னும் பொருளியல் அறிஞர் 2014-இல் வெளியிட்ட ‘கீழுலகின் சமூக ஒழுங்கு’ என்ற ஆங்கில நூல், கலிஃபோர்னியச் சிறைகளை உண்மையில் ஆள்வது யார் என்று வினவுகிறது. கைதிகள் சிலராயிருந்த நாளில் எழுதப்படாத ஒழுக்கநெறியே போதுமானதாயிருந்தது. தொகை பெருகி, அறியா முகங்கள் நிறைந்ததும் அது தளர்ந்தது, குழுக்கள் தலையெடுத்தன. புதிதாய் வருபவன் தன் இனத்தாரோடு சேர்கிறான். அவன் பட்ட கடனுக்கும் செய்த தவற்றுக்கும் குழுவே பொறுப்பு. போதைப்பொருள் விற்போரிடம் வரி தண்டுமளவுக்கு அவ்வாட்சி வளர்ந்தது. ஆசிரியர் குழுக்களைப் புகழவில்லை. காவல் தவறிய இடத்தில் மனிதர் தமக்கென ஓர் அரசை ஆக்கிக்கொள்வர் என்பதே அவர் முடிபு.

தென்காசியில் அமர்ந்து இதனைப் படிக்கையில் நம் எண்ணம் ஆலங்குளம் வழியே பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்கு ஓடுகிறது. குற்றாலச் சாரலில் முன்பின் அறியாதோருடன் தோள் உரசிக் குளிப்பவர்களே அச்சிறைவாயில் கடந்ததும் தம் சாதியாரைத் தேடுகின்றனர். அச்சம் அவ்வாறு தேடச் செய்கிறது. ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. ஸ்கார்பெக் கூறும் ஒழுங்கு கைதிகளிடமிருந்து எழுந்தது. பாளையங்கோட்டையிலோ நிர்வாகமே சாதிவாரியாகப் பிரித்து அடைத்தது. மோதலைத் தவிர்க்கவே இவ்வேற்பாடு என்ற விளக்கத்தைச் சென்னை உயர்நீதிமன்றமும் 2014-இல் ஏற்றது. அமைதி நிலைத்ததா? 2021 ஏப்ரலில் அச்சிறையிலேயே இளைஞர் ஒருவர் சக கைதிகளால் கொல்லப்பட்டார்.

இந்நூலின் குறையை இங்கேதான் காண்கிறோம். ஒழுங்கு எவ்வாறு பிறக்கிறது என்பதை நுணுகி ஆராயும் ஆசிரியர், அதன் விலையைச் செலுத்துபவனிடம் நெடுநேரம் நிற்பதில்லை. எக்குழுவிலும் சேர விரும்பாதவன் எங்கே படுப்பான்? சில்லறைத் திருட்டுக்காக உள்ளே சென்றவன் சாதிப் படைவீரனாக வெளிவந்தால், அக்கணக்கு எந்த ஏட்டில் ஏறும்?

நம் திருச்சபையும் இவ்வாதத்தை அறியும். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிச் சச்சரவை அடக்கவென்று 1870-களில் நடுவே சுவர் எழுப்பினர். 1910-இல் அது இடிக்கப்பட்டபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. சுவர் எழுப்பிய குருக்களும் அமைதியையே நாடினர்.

2024 அக்டோபர் 3 அன்று உச்சநீதிமன்றம் சிறைகளில் சாதிப் பாகுபாட்டைச் செல்லாதென அறிவித்தது. பாளையங்கோட்டை ஏற்பாட்டுக்குச் சொல்லப்பட்ட நியாயத்தையும் மறுத்து, கைதிகள் பதிவேட்டில் சாதிக்கான பகுதியை நீக்கப் பணித்தது. ஏட்டில் அழித்துவிடலாம். கதவு பூட்டப்பட்டபின், புதிதாய் வந்தவனிடம் அறைக்குள் முதலில் என்ன கேட்கிறார்கள்? அதனைத் தமிழில் எழுதுவார் எவரேனும் உளரெனில், அந்நூலுக்காகக் காத்திருக்கிறோம்.